பதினேழு கையெழுத்தும் ஒரு பெரிய வெள்ளியும்

பணியாளர் விவரப் படிவத்தில் மதத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஏழாவது கட்டம். அரை அங்குல உயரம், இரண்டு அங்குல அகலம். மனிதன் எதை நம்புகிறான் என்று எழுத அவ்வளவு இடம் தாராளம் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவு உதவியாளனாக இருந்தேன். முந்நூறு பேரின் கோப்புகள் என் பொறுப்பில் இருந்தன. நிலையாணைகள், விடுப்பு விதிகள், தொழிற்சாலைச் சட்டம் எல்லாம் பிரிவு எண்ணோடு மனப்பாடம். ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் அந்த எண்கள் மறக்கவில்லை. பிள்ளைகளின் திருமண நாள்கள்தான் மறந்துபோகின்றன.

என் ஏழாவது கட்டத்தில் ‘கிறிஸ்தவம்’ என்று இருந்தது. சென்னையில் ஒரு சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ஒரு முறை கோயிலுக்குப் போவேன். தொழிற்சாலையில் நான் கிறிஸ்தவன் என்று யாருக்கும் தெரியாது. பெயரில் அடையாளம் இல்லை, நானும் சொன்னதில்லை. மறைத்தேன் என்று சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை என்பதுதான் நான் எனக்கே சொல்லிக்கொண்ட விளக்கம்.

1991 மார்ச் முதல் வாரத்தில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். ஒரகடம் போகும் சாலையில் இறங்கி, வயல் வரப்போடு இரண்டு மைல் உள்ளே நடந்தால் வருகிற கிராமம் அவருடையது.

“சார், மாசக் கடசில ஒரு நாள் லீவு வேணும். பெரிய வெள்ளிக்கு.”

கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது கட்டத்தில் ‘இந்து’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

“ஃபைல்ல இந்துன்னு இருக்கே. உனக்கு எதுக்குப்பா பெரிய வெள்ளி?”

“அது சர்டிபிகேட்டுக்கு சார். கோயிலுக்கு வேற.”

“கோயிலுக்கு என்ன?”

“கோயிலுக்கு வேதக்காரன். எங்க காலனியே வேதக்காரங்கதான்.”

இதில் எனக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. விதி எனக்குத் தெரியும். பட்டியல் சாதிச் சான்றிதழ் இந்துவுக்கு உண்டு, சீக்கியருக்கு உண்டு, அதற்கு முந்தைய ஆண்டு பௌத்தருக்கும் கொடுத்தார்கள். கிறிஸ்தவருக்குக் கிடையாது. தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் பட்டவுடன் சாதி கரைந்துவிடுகிறது என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. அரசாங்கம் வேறெதையும் அவ்வளவு ஆழமாக நம்பி நான் பார்த்ததில்லை. எனவே அந்தப் பக்கத்துக் காலனிகளில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயரும் கோயிலுக்கு ஒரு பெயருமாக வாழ்ந்தார்கள்.

கோப்பில் இன்னொன்றும் இருந்தது. பிப்ரவரியில் அவர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி, அவர் விடுப்புத் தீர்ந்த பிறகும் ஒன்பது நாள் வரவில்லை. அதற்காக நிர்வாகம் கொடுத்த இறுதி எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு முறை அனுமதியின்றி வராமல் இருந்தால் வேலை நீக்கம். அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லாத கடிதம்.

“உனக்கு லீவே இல்லை. போதாததுக்கு, மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாதுன்னு ஆர்டர் போட்டாச்சு. சாயங்காலம் கோயிலுக்குப் போயேன்.”

“இப்ப ஓ.டி. முடிச்சி ஏழு மணிக்குதான் வுடறீங்க சார். அதுக்குள்ள தூம்பா போய்ட்டு வந்துடும்.”

தூம்பா என்பது பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கர்கள் தோளில் சுமந்து போகிற பாடை. சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் திருவுருவத்தை அதில் கிடத்தி ஊரைச் சுற்றி வருவார்கள். தோளில் தாங்கும் முன்கட்டைக்கு நான்கு பேர், பின்கட்டைக்கு நான்கு பேர். அவருடைய கிராமத்தில் அந்த எட்டுத் தோளும் எப்போதும் ஊர்த் தெருக்காரர்களுடையவை. காலனிக்காரர்கள் ஓரமாக நின்று கும்பிடலாம். ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே நற்கருணை. தோளில் மட்டும் அரசாங்கத்தின் நம்பிக்கை செல்லுபடியாகவில்லை.

“இந்த வருசந்தான் சார்,” என்றார். “புது ஃபாதர் வந்து, பேசி, சண்ட போட்டு, பின்கட்டைக்கு காலனிலேர்ந்து நாலு பேருன்னு முடிவாயிருக்குது. நாலு பேரு பேரையும் எழுதி கோயில் கதவுல ஒட்டிட்டாங்க. அதுல நான் ஒருத்தன்.”

“உனக்குப் பதிலா இன்னொருத்தர் போகக்கூடாதா?”

“ஒட்டின பேருதான் கணக்கு சார். ஒருத்தன் வரலன்னா அந்த எடத்துல அவுங்க ஆள் வருவான். அப்புறம் இன்னா சொல்வாங்க? ‘நாங்க குடுத்தோம், அவுங்களே வரல’ம்பாங்க. அதோட மூடிடுவாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “வேல போனா போவட்டும்னு சொல்ற நெலமையில நான் இல்ல சார். அதான் உங்ககிட்ட வந்தேன்,” என்றார்.

பலர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அது எனக்குப் பழக்கம். இவர் அழவில்லை. விதிப் புத்தகத்தில் வழி இருக்கும், நான் பார்த்துச் சொல்வேன் என்று நம்பி நின்றார். அந்த நம்பிக்கையை ஏமாற்றுவது எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைவாகப் பட்டது.

வழி இருந்தது. தொழிற்சாலைச் சட்டம், பிரிவு ஐம்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒருவரை வேலைக்கு அழைக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் விடுமுறை கொடுத்துவிட வேண்டும். முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்ப வேண்டும். பெரிய வெள்ளி மார்ச் இருபத்தொன்பது. ஞாயிறு முப்பத்தொன்று. மூன்று நாளுக்குள் வருகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. விடுப்பே தேவையில்லை, எச்சரிக்கைக் கடிதமும் குறுக்கே வராது. நிதியாண்டின் கடைசி நாளில் சரக்கு அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருந்த நிர்வாகத்துக்கும் லாபம். என் பணிக்காலத்தில் இதைவிட அழகான ஒரு தீர்வை நான் கண்டுபிடித்ததாக நினைவில்லை.

ஒர்க்ஸ் மேனேஜர் நியாயமான மனிதர். உற்பத்தி எண்ணைத் தவிர வேறெதிலும் அவருக்குப் பகை இல்லை.

“அந்த ஒரு ஆளுக்குன்னு செய்ய முடியாது,” என்றார். “நாளைக்கு ஆளாளுக்கு ஒரு திருவிழாவோட வந்து நிப்பாங்க. இங்க இருக்கற கிறிஸ்தவங்க எல்லாரும் சேர்ந்து கேட்டா, குரூப்புக்குச் செஞ்சதா ஆகும். எல்லாரும். ஒருத்தர் விட்டாலும் கிடையாது. எத்தனை பேர் இருக்காங்க?”

“கோப்புப்படி ஆறு பேர் சார்.” என்னை நான் எண்ணவில்லை.

“ஆறு பேர் ஒத்துப்போறது ஒரு விஷயமா?”

அவருக்குக் கிறிஸ்தவர்களைத் தெரியாது.

மறுநாள் ஆபரேட்டர் ஒரு ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தார். பதினாறு பெயர். நான் வரிசையாகக் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். பத்துப் பேர் ‘இந்து’. அந்தப் பத்துப் பேரையும் வேலைக்குச் சேர்த்தபோது எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டு நிரப்பியவன் நான்.

“உனக்கு எப்படிப்பா இத்தனை பேரைத் தெரியும்?”

“சாப்பிட சொல்லோ பாப்பேன் சார். டப்பாவத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு செகண்டு கண்ண மூடுவாங்க. சில பேரு சிலுவ போடுவாங்க, சில பேரு போட மாட்டாங்க. மூடறவங்க எல்லாம் நம்ம ஆளுதான்.”

பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். பெந்தெகொஸ்தே சபை. வெள்ளைச் சேலை, காதில் கழுத்தில் ஒன்றும் கிடையாது. எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்ப் பட்டியலோடு அவரிடம் போனேன். படித்துப் பார்த்துவிட்டு என் பேனாவை வாங்கிக் கடைசியில் என் பெயரை எழுதினார்.

“எனக்கு எதுக்கு சிஸ்டர்?”

“டைப் அடிக்க சொல்லோ முணுமுணுன்னு கீர்த்தனை பாடறியே பிரதர், அது இன்னா சினிமாப் பாட்டா?”

நான் பாடுவது எனக்கே தெரியாது.

அன்று மாலையே மனுவைத் தட்டச்சு செய்து மறுநாள் மதியம் சிஸ்டரிடம் நீட்டினேன். என் தீர்வை யாராவது பாராட்ட வேண்டும் என்ற ஆசை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அவர் விரலை வைத்து வாசித்தார். தேதிக்கு வந்ததும் விரல் நின்றது.

“முப்பத்தொண்ணாம் தேதி வேலைக்கு வரணுமா?”

“ஆமாம். அதுக்குப் பதிலாத்தான் வெள்ளிக்கிழமை.”

“அது இன்னா நாளு பிரதர்?”

“ஞாயிறு.”

“இன்னா ஞாயிறு?”

நான் சட்டத்தின்படி அது மாற்று வேலை நாள் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஆண்டவரு மூணாம் நாள் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து பாத்தா, நம்ம பதினேழு பேரும் கார்டு பஞ்ச் பண்ணிகினு இருப்போம்.”

ஈஸ்டர். பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் கழித்து வருகிற ஞாயிறு வேறென்னவாக இருக்க முடியும்? ஞாயிறுபள்ளியில் பரிசு வாங்கியவன் நான். சட்டத்தின் மூன்று நாளை எண்ணியவனுக்கு வேதத்தின் மூன்றாம் நாள் நினைவுக்கு வரவில்லை. வேறு ஞாயிறு கிடைக்குமா என்று பார்த்தேன். முந்தைய ஞாயிறு ஐந்து நாள் தள்ளி இருந்தது, பிந்தைய ஞாயிறு ஒன்பது நாள். பெரிய வெள்ளியைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் உண்டு. அது உயிர்ப்பு ஞாயிறு.

எட்டுப் பேர், சிஸ்டரும் நானும் உட்பட, அன்றே கையெழுத்துப் போட்டோம். கத்தோலிக்கர்களுக்கு ஈஸ்டர் பூசை சனிக்கிழமை இரவே முடிந்துவிடும். ஞாயிறு வேலைக்கு வருவதில் அவர்களுக்குத் தூக்கம்தான் நட்டம். சிஸ்டருக்கு ஈஸ்டரும் ஒன்று, மற்ற நாளும் ஒன்று. “எங்களுக்குத் தெனமும் உயிர்த்தெழுதல்தான் பிரதர்” என்றார். மீதி ஒன்பது பேரில் எட்டுப் பேர், ஒன்பதாமவரான ஃபோர்மேன் முதலில் போடட்டும், பிறகு போடுகிறோம் என்றார்கள்.

ஃபோர்மேன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். சீர்திருத்தச் சபையில் அப்பா உபதேசியார். பைபிளில் எந்த வசனம் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்வார். பிரஸ் ஷாப்பில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீனில் எல்லாரையும் கூட்டினேன். அவர் மனுவை இரண்டு முறை வாசித்தார்.

“யாரு எழுதுனது?”

“நான்தான்.”

“இங்கிலீசு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலம் ஆராதனை இல்லாம நான் ஒரு வருசம் இருந்ததில்ல, பாத்துக்கிடுங்க. அதையும் விடுங்க. என்னத்துக்கு இந்த லீவு? ஒரு சிலையத் தூக்கிட்டுப் போறதுக்கு. அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்?”

“உங்க ஊருல சிலுவய சுவத்துல மாட்டறது இல்லியா ஃபோர்மேன்?” என்றார் சிஸ்டர்.

“அது வெறும் சிலுவை. அதுல ஆள் கிடையாது.”

“ஆள் எறங்கி எங்க போனாரு? அதத்தான் தூக்கினு போறாங்க.”

சிரிப்பு எழுந்தது. ஃபோர்மேன் சிரிக்கவில்லை. காகிதத்தை மேசையில் வைத்துத் தட்டினார்.

“அதெல்லாம் போட்டும். இதுல ‘கீழே கையெழுத்திட்ட தொழிலாளர்கள்’னு இருக்கு, ‘சொந்தக் காரணங்களுக்காக’ன்னு இருக்கு. கிறிஸ்தவன்னு ஒரு வார்த்த இருக்கா? கர்த்தருக்காக ஒரு நாள் கேக்கோம், அவரு பேரச் சொல்ல வெக்கமா? இதுக்குப் பேருதான் மறுதலிக்கது. சேவல் கூவுறதுக்கு முன்னால பேதுரு பண்ணின வேல.”

வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லை விட்டிருந்தேன். ஏன் என்று நான் சொல்வதற்குள் ஆபரேட்டர் எழுந்தார். அதுவரை அவர் சுவரோரம் தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஃபோர்மேன், உன் புள்ள சர்டிபிகேட்ல கிறிஸ்டியன்னுதான கீது?”

“பின்ன?”

“அதனால எதுனா போச்சா?”

“என்ன போவும்? பி.சி.தான்.”

“எம் புள்ள கவர்மென்ட் ஆஸ்டல்ல கீறான். அவன் அப்பன் ‘நான் கிறிஸ்டியன்’னு கையெழுத்துப் போட்ட பேப்பர யாராவது எடுத்துகினு போய் தாசில்தார் ஆபீசுல குடுத்தா, ஆஸ்டல் போச்சி, ஸ்காலர்ஷிப் போச்சி. நீ ஒரு வார்த்த கேக்கற. எங்க பத்துப் பேருக்கு அந்த வார்த்த வெல சாஸ்தி.”

சிலர் அந்தப் பத்துப் பேர் யார் யார் என்று கண்ணால் தேடினார்கள். தேடிவிட்டு, தேடியதற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சிலையோ, ஆண்டவரோ, எனக்குப் பேசத் தெரியாது,” என்றார் ஆபரேட்டர். “எங்கப்பா சாவற வரைக்கும் ரோட்டோரம் நின்னுதான் கும்பிட்டாரு. கட்டய ஒரு தபா தொட்டதில்ல. தொட்டா தூம்பாவோட பட்டுச்சீலய மாத்தணும்பாங்க.”

ஃபோர்மேன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு, மத்த மதத்துக்காரங்களா?”

“இல்ல ஃபோர்மேன். நம்மாளுங்கதான்.”

“கோயிலுக்குள்ளயுமா?”

“கோயிலுக்குள்ளதான்.”

ஃபோர்மேன் மனுவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, “எங்க ஊர்ல நம்ம ஆளுவ குடை பிடிச்சிட்டு நடந்தா மேச்சாதிக்காரனுவ அடிப்பானுவளாம். எங்க பாட்டனுவ காலத்துல,” என்றார், யாரிடமும் இல்லாமல். சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, இன்ஷியலோடு முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினார்.

“தூக்குறது சிலைதான். அதுல மாத்தம் ஒண்ணும் இல்ல.” பேனாவை மூடினார். “ஆனா ஈஸ்டர் அன்னைக்கு ஏழு மணிக்கு சைரன் அடிக்கதுக்கு முந்தி இங்கயே ஆராதனை நடக்கணும். அதுக்கு சட்டத்துல எடம் இருக்கான்னு நீரு பாரும் சார்.”

சட்டத்தில் அதைத் தடுக்கும் பிரிவு இல்லை. அதுவே போதுமான இடம்.

மற்ற எட்டுப் பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கிறிஸ்தவம் என்ற சொல்லே இல்லாத அந்த மனுவை மேனேஜரிடம் வைத்தேன். எண்ணிப் பார்த்தார். கடைசிப் பெயரில் கண் நின்றது.

“நீங்களுமா?”

“ஆமாம் சார்.”

“பதினோரு வருஷமா எனக்குத் தெரியாதே.”

“ஏழாவது கட்டத்தில் இருக்கு சார்,” என்றேன். அவர் கேட்டது அதை அல்ல என்று இருவருக்கும் தெரியும்.

பெரிய வெள்ளியன்று வீட்டில் உட்கார்ந்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் மதியம் ஃபோர்மேன் தன் மொபெட்டில் பூவிருந்தவல்லியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “சும்மா பாத்துட்டு வருவோம்” என்றார். ஒரகடம் சாலையில் அப்போது தொழிற்சாலைகள் அதிகம் இல்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள். வரப்பில் மொபெட் ஏறாத இடத்தில் இறங்கித் தள்ளினோம்.

வெயில் இறங்கும் நேரத்தில் தூம்பா கோயிலை விட்டு வெளியே வந்தது. வெள்ளைப் பட்டு, மல்லிகைச் சரம். முன்னால் ஊர்த் தெருவைச் சேர்ந்த நான்கு பேர். அவர்களில் நரைத்த மீசை வைத்த ஒருவருடைய நிலத்தில்தான் ஆபரேட்டரின் அப்பா வேலை செய்தாராம், பக்கத்தில் நின்றவர் சொன்னார். பின்னால் காலனியிலிருந்து நான்கு பேர், துவைத்த வேட்டி, தோளில் மடித்த துண்டு. வலது பக்கக் கடைசியில் எங்கள் ஆபரேட்டர். கோயில் வாசலில் பெண்கள் நேர்ச்சையாக உப்பும் மிளகும் தூவிக் கும்பிட்டார்கள். ஊர்த் தெருவில் முதல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இரண்டாவதும் சாத்தியிருந்தது. மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா மட்டும் வாசலில் நின்றார். அதற்குப் பிறகு கதவுகளை நான் எண்ணவில்லை.

முன்னால் இருந்தவர்கள் வேகமாகப் போனார்கள். வேண்டுமென்றே என்று சொல்ல மாட்டேன். முடித்துவிட வேண்டும் என்ற அவசரமாக இருக்கலாம். பின்னால் இருந்தவர்கள் கிட்டத்தட்ட ஓடினார்கள். தெரு முடிவில் வாய்க்காலுக்கு மேல் ஒரு சிறிய மதகு. நான்கு பேர் அருகருகே போகும் அகலம் அதற்கு இல்லை. முன்னால் ஒருவர் வலது காலையும் மற்றவர் இடது காலையும் வைக்க, தூம்பா ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே திருவுருவம் ஒரு சாண் நகர்ந்தது. பெண்கள் கூட்டத்திலிருந்து ஓர் ஓலம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமில்லாத, தட்டையான குரல்.

“நில்லு. எறக்காத.”

எட்டுப் பேரும் நின்றார்கள்.

“அண்ணே, நீ உள்ள வா. இன்னும். அவ்ளோதான். எல்லாரும் வலது கால். இப்ப. அடுத்து இடது. இப்ப.”

‘அண்ணே’ என்றது நரைத்த மீசைக்காரரை. அவர் உள்ளே நகர்ந்தார். வலது காலை வைத்தார். இடது காலை வைத்தார். தூம்பா நிமிர்ந்தது.

பிரஸ் ஷாப்பில் டை என்று ஒன்று உண்டு. தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் இரும்பு அச்சு. கிரேன் பழுதானால் ஆட்கள் தடி கொடுத்துத் தூக்குவார்கள். அப்போது குரல் கொடுப்பவன் பின்னால் இருப்பவன்தான். முன்னால் போகிறவனுக்கு வழி மட்டும் தெரியும், சுமை தெரியாது. பின்னால் இருப்பவனுக்கு வழி, சுமை, மற்றவர்களின் கால் எல்லாம் தெரியும். பின்கட்டை தாழ்ந்த இடம் என்று நினைத்துத்தான் ஊர் அதை விட்டுக்கொடுத்திருந்தது.

“டை தூக்குற சத்தம்லா இது,” என்றார் ஃபோர்மேன் மெதுவாக. “நான் சொல்லிக் குடுத்தது.” அவர் எப்போது செருப்பைக் கழற்றினார் என்று நான் கவனிக்கவில்லை. இரண்டும் கையில் இருந்தன.

மதகிலிருந்து கோயில் வரை அந்தக் குரல்தான் நடத்திக்கொண்டு போனது. யாரும் ஓடவில்லை.

ஞாயிறு விடியற்காலை கம்பெனிப் பேருந்து ஒரு மணி நேரம் முன்னதாக வந்தது. டிரிப் ஷீட்டில் காரணம் ‘உற்பத்தி அவசரம்’ என்று எழுதினேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் கூடினோம். எங்கள் சபை ஐயரும் இல்லை, ஃபாதரும் இல்லை, பாஸ்டரும் இல்லை. யார் தொடங்குவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். இதற்கு நடைமுறை என்ன என்று சிலர் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முதல் முறையாகத் தெரியவில்லை. சிஸ்டர் கண்ணை மூடித் தொடங்கிவிட்டார்.

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை எல்லாருமாகச் சொன்னோம். எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் ஒவ்வொரு சபைக்கும் அது வேறு தமிழில் இருந்தது. ஒருவர் வாக்கியத்தை முடிக்கும்போது இன்னொருவர் நடுவில் இருந்தார். கத்தோலிக்கர்கள் முடித்து ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார்கள். நாங்கள் இன்னும் ஒரு வரி சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் மறுபடி கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். எங்கள் ஆமெனுக்கு அவர்களும் இன்னொரு ஆமென் சொன்னார்கள். எத்தனையோ ஆண்டுகள் கோயிலில் வாய் அசைத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் முடிக்கட்டும் என்று ஒருவர் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

சைரன் அடித்தது. ஃபோர்மேன் ஆபரேட்டரிடம் போய், “எந்தத் தோளு?” என்றார்.

“வலது.”

“இன்னைக்கு நீ சின்னப் பிரஸ்ல உக்காரு. டை மாத்த வேற ஆளப் போடுதேன்.”

“வலியெல்லாம் இல்ல ஃபோர்மேன்.”

“வலிக்குதான்னு நான் கேக்கலியே. போய் உக்காருல.”

சாயங்காலம் கடைசி லாரி கிளம்பியது. மேனேஜர் எல்லாருக்கும் கேசரி வரவழைத்தார். விளக்கம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு பெரிய வெள்ளி ஏப்ரலில் வந்தது. வருடக் கடைசி நெருக்கடி முடிந்திருந்தது. ஆபரேட்டருக்கு விடுப்பும் மிச்சம் இருந்தது. விடுப்புச் சீட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

“இந்த வருஷமும் பின்கட்டைதானா?”

“இல்ல சார். ஃபாதர் எட்டுப் பேரு பேரையும் ஒரே பானையில போட்டு சீட்டு எடுத்துட்டாரு. எனக்கு முன்னால வந்துகீது.”

“அப்ப பின்னாலேர்ந்து யார் குரல் குடுப்பாங்க?”

“அந்த மீசக்கார அண்ணன்தான். ரெண்டு வாரமா சாயங்காலத்துல கோயிலண்ட வெறுங்கட்டய வச்சிகினு சொல்லிக் குடுத்துகினு கீறேன்.”

“கத்துக்கறாரா?”

“கால் எடுத்து வச்ச அப்பால ‘இப்ப’ங்கறாரு சார்,” என்றார். “வந்துடும்.”